சாப்பிட்டேம்மா என்று சொன்னது யார்?

காணாமல் போன மனிதர் அன்று காலையும் இட்லி சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தார்.

சொன்னது வாட்ஸ்அப்பில். 'சாப்பிட்டேம்மா. நாலு இட்லி. நீ வேலையப் பாரு.' அவருடைய மகள் சிந்துஜா அந்த போனை எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். சூடான தோசைக்கல்லைத் தொட்டுவிட்டவள் மாதிரி இருந்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டு, நாலு இட்லி சாப்பிடுகிறவரைப் பற்றி எதற்குக் கவலை, எனக்கெல்லாம் காலையில் டீயோடு சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பவானி மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் துப்பறியும் ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. பவானி மேடம் முன்பு சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அதாவது அடுத்தவர் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய புரோகிராமை வாங்கி, அது எங்கே உடையும் என்று உடைத்துக் காட்டுவது அவர் வேலை. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. இப்போது மனிதர்கள் சொல்லும் கதைகளை உடைக்கிறார். நான் செம்பியன், ஊர் மங்கலம்பேட்டை, அவருக்கு உதவியாளன். உடைந்ததைப் பெருக்கி அள்ளுவது என் வேலை.

சிந்துஜா ஹைதராபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர். அவள் அப்பா ஞானசேகரன் பொறியியல் கல்லூரியில் புரோகிராமிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு சிதம்பரத்தில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். ஆபீஸ் வேலையாகப் புதுச்சேரி வந்த சிந்துஜா, சொல்லாமல் போய் நிற்கலாம் என்று சிதம்பரம் போயிருக்கிறாள். வீடு பூட்டிக் கிடந்தது. கேட்டில் சிலந்தி வலை. எதிர்வீட்டு அம்மா, அவர் ஐப்பசியிலேயே கிளம்பிப் போய்விட்டார், ஹைதராபாத்துக்கு உங்களிடம்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம் என்றாளாம். இப்போது மாசி நடக்கிறது. பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் சிந்துஜாவின் போன் கூவியிருக்கிறது. சாப்பிட்டேம்மா, மாத்திரை போட்டேன்.

அவருடைய நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஆனால் மெசேஜ் மட்டும் வருகிறது. அப்பாவின் பெயரில் எவனோ பதில் போடுகிறான், நான் ஊருக்கு வந்தது அவனுக்குத் தெரிந்தால் அப்பாவை ஏதாவது செய்துவிடுவான் என்று பயந்து அவள் எதுவும் எழுதவில்லை. ஸ்டேஷனிலும் வழக்கம் போலவே பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடவே, தினமும் சாப்பிட்டேன் என்று சொல்கிறவரைக் காணவில்லை என்று எப்படியம்மா எழுதுவது என்றும் கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்விதான்.

"எங்கப்பா உயிரோட இருக்காரா, அது மட்டும் எனக்குத் தெரியணும் மேடம்," என்றாள் சிந்துஜா.

கடைசியாகக் குரலைக் கேட்டது எப்போது என்று மேடம் விசாரித்தார். இரண்டு பேருக்கும் நேரம் ஒத்துவராது, அதனால் மெசேஜில்தான் பேசிக்கொள்வோம், ஆனால் ஒரு நாள்கூட விட்டதில்லை என்றாள். அந்த 'ஒரு நாள்கூட' என்ற இடத்தில் மேடத்தின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. எனக்கு ஏறி இறங்குகிற புருவம் என்றால் பயம். அன்றைக்குச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று அர்த்தம்.

சிதம்பரம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஜன்னலோரம் மேடம், சிந்துஜாவின் போனைக் கையில் வைத்துப் பழைய மெசேஜ்களைப் படித்துக்கொண்டே வந்தார். இந்தப் பக்கம் சிந்துஜா, மடியில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. ஆலப்பாக்கம் தாண்டியதும் மேடம் என் முழங்கையைத் தட்டினார்.

போன கார்த்திகையில் புயல் கரையேறினதே, அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். எங்கே இருப்பேன், என் ரூமில்தான் இருந்தேன். ஓட்டைக்கு நேராகப் பக்கெட்டை வைத்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான் இருக்கிறேனா போனேனா என்று தெரியாமல் எங்கள் அம்மா மங்கலம்பேட்டையிலிருந்து என் மச்சானை மொபெட்டில் விரட்டிவிட்டாள். மழை விட்டதும் வந்தான். நான் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடமிருந்த ஒரே பிஸ்கட் பாக்கெட்டையும் தின்றுவிட்டுப் போனான்.

"சிதம்பரத்துல?"

"அங்கயும் அதே கதிதான் மேடம். கிள்ளைப் பக்கம் இன்னும் மோசம். நாள் கணக்கா டவர் கெடையாது."

மேடம் போனை என் மூக்குக்கு நேரே காட்டினார். அதே புயல் நாள். மகள் கேட்டிருக்கிறாள்: 'சாப்பிட்டீங்களா அப்பா?' பதிலும் வந்திருக்கிறது: 'சாப்பிட்டேம்மா. உப்புமா. நீ வேலையப் பாரு.'

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியென்றால் பதில் போடுகிறவன் இந்த மாவட்டத்திலேயே இல்லை, கடத்தியவன் எங்கேயோ வெளியூரில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிறான் என்று அடித்துச் சொன்னேன். சிந்துஜாவின் முகம் வெளுத்துவிட்டது. சொன்ன பிறகுதான் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

"கடத்துறவன் தினம் மாத்திரை போட்டேன்னு எதுக்குடா சொல்லணும்?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார். அவர் மறுபடி படிக்க ஆரம்பித்தார். விரல் மேலே மேலே போய், ஐப்பசியைத் தாண்டி, புரட்டாசியில் ஓரிடத்தில் நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார். அப்புறம் போனை அணைத்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். என்ன இருக்கிறது என்று நான் கண்ணால் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. எதிர்வீட்டு தைலம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிந்துஜாவை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். சார் தன் கையாலேயே பூட்டினார், இழுத்துப் பார்த்தார், ஒரே ஒரு பையோடு போனார், கூட யாரும் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு வெளியூர் என்றார். முகத்தில் பயமோ கவலையோ தெரியவில்லையாம். கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தாராம்.

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாரு?" என்றார் மேடம்.

தைலம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். "அந்தம்மா போனதிலேர்ந்து தினம் காலையில செருப்ப மாட்டிக்கினு எதிர்த்தாப்ல வந்து நிப்பாரு. தண்ணி வந்துச்சான்னு கேப்பாரு. தெருவுல மொதல்ல தண்ணி வர்றதே அவரு வூட்டுக் கொழாயிலதான். பேச ஆளு இல்லாம வர்றாருன்னு எனக்குத் தெரியாதா? அடுப்புல வேல இருக்கும். வந்துச்சு சார்னு ஒத்த வார்த்தையில அனுப்பிச்சிடுவேன்." பூட்டிய கேட்டைப் பார்த்தாள். "இப்ப நெனச்சா கஷ்டமா இருக்கு."

சிந்துஜா, முன்பு தனியாகத் திறக்கப் பயந்த வீட்டின் மாற்றுச் சாவியைத் தேடுகிற மாதிரி பையைக் குடைந்துகொண்டே இருந்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

உள்ளே பூட்டிய வீட்டின் வாசனை. எனக்கு அந்த வாசனை பிடிக்காது. தினமும் வேலை முடிந்து என் ரூமைத் திறக்கும்போதும் அதே வாசனைதான் அடிக்கும். சமையலறையில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. காஸ் சிலிண்டர் மூடியிருந்தது. துணிகள் மடித்திருந்தன. இழுத்துக்கொண்டு போகப்பட்ட மனிதன் காஸை மூடிவிட்டுப் போகமாட்டான் என்று எனக்கே தெரிந்தது.

முன்னறையில் பழைய கம்ப்யூட்டர். பாஸ்வேர்டு கேட்டது. சிந்துஜா தன் பெயரையே அடித்தாள், திறந்துகொண்டது. அதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தார். 'வீடு' என்று பேர் வைத்த ஒன்றில் ஒரு புரோகிராம் இருந்தது. இரண்டு பெண்களும் படித்தார்கள். சிந்துஜா பாதியிலேயே திரையிலிருந்து பின்வாங்கி உட்கார்ந்துவிட்டாள். என்ன எழவு இருக்கிறது என்று எனக்கு மட்டும் புரியவில்லை. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, நடுநடுவே அடைப்புக்குறி போட்டு வைத்திருந்தார் மனுஷன்.

"மேல பாரு," என்றார் மேடம். "அப்பான்னு பேரு போட்டு மூணே வரி இருக்கா? சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, தூக்கம் வந்துச்சா. இதுக்குப் பேரு இன்டர்ஃபேஸ். எந்தெந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாகணும்னு மட்டும் இதுல இருக்கும். பதில் என்ன, சொல்றது யாரு, ஒண்ணும் இருக்காது. இந்த மூணுக்கும் பதில் சொல்றேன்னு எவன் ஒத்துக்கறானோ அவன அந்த எடத்துல உக்கார வெச்சிக்கலாம். கேக்கறவங்களுக்கு ஆள் மாறினது தெரியாது."

சிதம்பரம் என்று போர்டு போட்ட பஸ் மாதிரியா என்று கேட்டேன். போர்டைப் பார்த்து ஏறுகிறோம், டிரைவர் நேற்று வந்தவரா இன்றைக்குப் புது ஆளா என்று யாரும் கேட்பதில்லையே. மேடம் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அதேதான் என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான், அதையும் அனுபவிக்க விடவில்லை.

"அப்பாங்கற எடத்துல உக்கார இங்க ரெண்டு ஆளு எழுதி வெச்சிருக்காரு. ஒருத்தன் பேரு 'நான்'. கேள்வி வந்தா அவரோட போனுக்குத் தள்ளிவிடும், அவரே பதில் எழுதலாம். இன்னொருத்தன் பேரு 'பொம்மை'. டிபன் பேருல ஏதாவது ஒண்ண எடுத்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, சாப்பிட்டேம்மான்னு அதுவே அனுப்பிடும். இது ஓடறது இந்த வீட்டுல இல்ல. வெளியூருல எவனோட கம்ப்யூட்டர்லயோ வாடகைக்கு எடம் புடிச்சு ஏத்தியிருக்காரு. அதான் புயல்லயும் உப்புமா வந்துச்சு."

"ஐப்பசியிலேர்ந்து?" என்றேன்.

"ஐப்பசியிலேர்ந்து பொம்மைதான். மாத்தின தேதி இங்கயே இருக்கு."

சிந்துஜா எழுந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. அப்பாவே தன்னை ஏமாற்றினாரா, ஊரில் எல்லோரும் பெற்றவர்களை மறந்துவிட்டுத் திரிகிறபோது தான் ஒரு நாள் விடாமல் விசாரித்தேனே, அதற்கு ஒரு பொம்மையை உட்காரவைத்துவிட்டுப் போவதா என்று குரல் உடைந்து பேசினாள். எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. நான்கூடச் சூள் கொட்டினேன். மேடம் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பையிலிருந்து அவளுடைய போனை எடுத்து நீட்டினார்.

"கொஞ்சம் மேல தள்ளிப் புரட்டாசி மாசத்தப் படிங்க."

அவள் படித்தாள். நானும் தோளுக்கு மேலாகப் படித்தேன்.

'அம்மாடி, கடலூர் வந்த எடத்துல பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்துட்டேன். காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க.'

'சரிப்பா. உடம்பப் பாத்துக்கோங்க.'

'கூட யாருன்னு கேக்கறாங்க.'

'சரிப்பா. உடம்பப் பாத்துக்கோங்க.'

நடுவில் இரண்டு நாள் எதுவும் இல்லை. அவர் தரப்பில்தான் இல்லை. அவள் தரப்பில் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா வந்துகொண்டே இருந்தது. அப்புறம் அவரிடமிருந்து ஒன்று.

'நேத்து சாயந்தரம் நான் யானையாயிட்டேன்.'

'சரிப்பா. உடம்பப் பாத்துக்கோங்க.'

பஸ்ஸில் மேடத்தின் விரல் நின்ற இடம் இதுதான். நானாக இருந்திருந்தால் கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மேலே போயிருப்பேன். மேடம் டெஸ்டர். ஒரு புரோகிராம் உண்மையில் கேட்கிறதா, இல்லை தலையை மட்டும் ஆட்டுகிறதா என்று பார்க்க, அவர்கள் இப்படித்தான் அதற்கு எதையாவது தாறுமாறாகக் கொடுப்பார்களாம். வாத்தியாரும் அதைத்தான் செய்திருக்கிறார். எதிர்ப்பக்கம் மகள் இல்லை என்பது அன்றைக்கு அவருக்கு உறுதியாகிவிட்டது.

"புயலன்னிக்கு எல்லா டிவியிலயும் கடலூரத்தான் காட்டினாங்க," என்றார் மேடம். குரலில் அதட்டல் இல்லை. "பெத்த பொண்ணு அன்னிக்கு மழை எப்படிப்பா இருக்குன்னுதான் கேக்கும். சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேக்காது. உங்க பக்கம் ஒக்காந்திருக்கறது யாரும்மா?"

சிந்துஜா அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் போனில் வந்த அந்த வரியை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறாள் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

மெதுவாகச் சொன்னாள். போன வருஷம் ஆபீஸில் ஒரு புராஜெக்ட் கழுத்தை நெரித்தது. அப்பா மெசேஜுக்குப் பதில் போட மறந்துபோய், அவர் தவித்துப்போய், ஒரே சண்டை. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். அவளும் இன்டர்ஃபேஸ்தான் எழுதியிருக்கிறாள், 'மகள்' என்று பேர் வைத்து. உள்ளே தற்காலிகமாக ஒரு டம்மியைப் போட்டாள். புரோகிராமர்கள் எல்லோரும் செய்வதுதானாம், வேலை ஓடட்டும், நிஜத்தைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று டம்மியை வைப்பார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஓடுகிற புரோகிராமை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

"நான் தினமும் விசாரிக்கறேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன் மேடம்," என்றாள். "சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

ஆக, ஐப்பசியிலிருந்து இரண்டு பொம்மைகள்தான் ஒன்றையொன்று சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு, நன்றாகச் சாப்பிட்டு, நேரத்துக்கு மாத்திரை போட்டு, ஆழ்ந்து தூங்கி எழுந்திருக்கின்றன. இதில் ஒரு ஜோக் கண்டிப்பாக இருக்கிறது. எனக்கு அன்றைக்கு வரவில்லை. எங்கள் அம்மா போன் செய்தால் நான் இரண்டு வார்த்தையில் முடிப்பது நினைவுக்கு வந்து, போனைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

ஆள் எங்கே என்ற கேள்வி அப்படியே நின்றது. மேடம் மறுபடி திரைக்குத் திரும்பி, புரோகிராமின் கடைசிப் பகுதிக்குப் போனார். அங்கே சில வரிகள் தனியாக இருந்தன. வருவது அந்த மூன்று கேள்விகளில் ஒன்று என்றாலோ, அந்தச் 'சரிப்பா. உடம்பப் பாத்துக்கோங்க' என்றாலோ, பொம்மையிடம் போகட்டும். வேறு எது வந்தாலும் பொம்மைக்குப் போகக் கூடாது, 'நான்' என்பவனிடம் போகட்டும்.

அப்படியானால் பழைய போன் அணைந்திருந்தாலும் அவருடைய புது நம்பர் இதிலேயே இருக்குமே என்று நான் துள்ளினேன். இருக்காது, நல்ல புரோகிராமர் நம்பரையும் பாஸ்வேர்டையும் இதற்குள் எழுதி வைக்கமாட்டான், அது அந்த வாடகைக் கம்ப்யூட்டரில் இருக்கும் என்று மேடம் என் துள்ளலை அடக்கினார். பிறகு சிந்துஜாவைப் பார்த்தார்.

"உங்களுக்காக ஒரு வழி விட்டு வெச்சிட்டுத்தான் போயிருக்காரு. ஐப்பசியிலேர்ந்து நீங்க சொந்தமா ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னிக்கே அவருகிட்ட போயிருக்கும். இப்ப எழுதுங்க."

"என்ன எழுதறது மேடம்?"

சிந்துஜா ஏதோ அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்து, அதையும் அழித்தாள். நாள் முழுக்க ஆயிரம் வரி எழுதுகிற பெண்ணுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் அனுப்பினாள். 'அப்பா, நான் நம்ம வீட்டுல இருக்கேன். நீங்க இல்ல.'

வழக்கமாகச் சுருக்க வந்துவிடும் பதில் வரவில்லை. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்துக் கிளம்ப மறுத்து, கிளம்பிப் போனது. உயிரோடு இருந்தால்தானே பதில் வரும் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்தது. அது அவள் முகத்திலும் தெரிந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏகப்பட்ட சத்தம், யாரோ இருமினார்கள், யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளினார்கள்.

"சிந்து? நீயாம்மா? என்னம்மா ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

அவள் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "ஒண்ணும் இல்லப்பா," என்றாள்.

"ஒண்ணும் இல்லாமயா எழுதின?"

சாயங்காலம் அவர் போனில் சொன்ன கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். போகும்போது படுத்த படுக்கையாகக் கிடப்பார் என்றுதான் நான் நினைத்தேன். ஆண்கள் வார்டு வாசலில் தங்கராசு என்ற வாட்ச்மேன் எங்களை மறித்தார். ஒரு பெட்டுக்கு ஒரு ஆள்தான், யாருக்கு வந்திருக்கிறீர்கள் என்றார். ஞானசேகரன் என்றாள் சிந்துஜா. அப்படி இங்கே நோயாளி யாரும் இல்லையே என்றார் அவர். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, உள்ளேயிருந்து வேகமாக ஒருவர் வந்தார். ஒல்லி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, கையில் கஞ்சித் தூக்கு. அவருக்கு ஒரு நோயும் இல்லை.

மகளைப் பார்த்து நின்றுவிட்டார். தொடவில்லை. நிற்க வைத்தே, தப்பு செய்தவர் மாதிரி, நடந்ததைச் சொன்னார். புரட்டாசியில் இங்கே அவர் கிடந்தபோது கூட யாரும் இல்லை. பக்கத்துப் பெட்டுக்குத் துணைக்கு வந்திருந்த நெல்லிக்குப்பத்து ஆள்தான் தன் ஆளுக்கு வாங்கியதில் இவருக்கும் கஞ்சி ஊற்றினாராம். வீட்டுக்குப் போனார். வீட்டில் இருக்க முடியவில்லை. திரும்பி வந்து, பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, துணை இல்லாதவர்களுக்கு இங்கே துணையாக இருக்கிறார். இப்போது கிள்ளையைச் சேர்ந்த சாமிக்கண்ணு என்ற படகுக்காரருக்கு. காலில் ஆபரேஷன்.

"அப்ப எதுக்குப்பா அந்தப் பொம்மை?" என்றாள் சிந்துஜா. "எங்கிட்ட கோவிச்சிக்கிட்டுப் பேசாமலே இருந்திருக்கலாமே."

"பதில் வரலன்னா உன் புரோகிராம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு."

உள்ளேயிருந்து சிஸ்டர் குரல் கொடுத்தார். சாமிக்கண்ணுவோட ஆளு யாருப்பா. "இங்கதாம்மா," என்று ஞானசேகரன் திரும்பி ஓடினார். போய் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும், படுத்திருந்தவரின் தலையைத் தூக்கித் தலையணையை நகர்த்தியதும் வாசலிலிருந்தே தெரிந்தது.

"இங்கயும் மூணே வரிதான். கூப்பிட்டா வரணும், கஞ்சி வாங்கித் தரணும், கூட இருக்கணும்," என்றார் மேடம் என் காதுக்கு மட்டும். "யாருன்னு கேக்கறதில்ல, பாத்தியா?" நான் தலையை ஆட்டினேன். கேலி செய்ய என்னிடம் எதுவும் இல்லை.

அவர் திரும்பி வந்தார். தூக்கு இன்னும் கையில் இருந்தது. தங்கராசு அவரையும் சிந்துஜாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு சார் இது?"

"எம் பொண்ணு."

"உங்களுக்கு யாரும் இல்லன்னுல்ல சார் சொன்னீங்க? அதக் கேட்டுத்தான சிஸ்டரே உங்கள உள்ள விட்டாங்க."

ஞானசேகரன் தரையைப் பார்த்தார்.

"அப்ப இல்லப்பா," என்றார். "மத்தியானம்தான் வந்துச்சு."

சிந்துஜா அந்த வார்டு வாசலிலேயே, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். அவர் கஞ்சித் தூக்கைத் தங்கராசு கையில் கொடுத்துவிட்டு மகளிடம் வந்தார்.